குலுக்கலில் விழும் பெயர்

திருப்பதிக்கு நாம் நினைத்தால் போக முடியாது, அவன் கூப்பிட வேண்டும் என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. எல்லா ஏற்பாடும் செய்த பயணம் முதல்நாள் நின்றுபோனால் அவன் கூப்பிடவில்லை என்கிறோம். எண்ணமே இல்லாமல் இருந்தவரிடம் பக்கத்து வீட்டார் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று சொன்னால் அவன் கூப்பிட்டுவிட்டான் என்கிறோம். இந்தப் பேச்சு இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை, அஷ்டதள பாத பத்மாராதனை ஆகிய சேவைகளுக்கான இடங்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் மாதந்தோறும் கணினிக் குலுக்கலில் ஒதுக்குகிறது. பதிந்துவிட்டுக் காத்திருந்தவருக்குத் தேர்வாகிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், பெருமாளே கூப்பிட்டுவிட்டார் என்று வீடே கொண்டாடுகிறது. வராதவர் தாம் செய்த பாவம் எது என்று யோசிக்கிறார். கூப்பிட்டது பெருமாளா கணினியா என்ற கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. திருப்பதியிலும் சித்தூரிலும் டீக்கடைப் பேச்சில் தினமும் அடிபடும் மூன்று விஷயங்கள், அதாவது சர்வர் படுத்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு வரப்போகிறது, எம்.எல்.ஏ. கடிதம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பவை, உண்மையில் இந்த ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள். அழைத்தான் என்று பக்தர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், அது நன்றி. இடத்தைப் பங்கிடும் அலுவலகம் அதே வார்த்தையைப் பிறரைப் பற்றிச் சொல்லக் கூடாது. அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. பங்கீடு மனிதர் செய்யும் வேலை. அதில் மனித நியாயம் இருக்க வேண்டும். அந்த நியாயத்துக்கு மிக அருகில் வருவது குலுக்கல்தான், வைணவம் அருளைப் பற்றிச் சொல்லிவந்திருப்பதோடும் அதுதான் ஒத்துப்போகிறது என்பது என் வாதம்.

முதலில் பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். திருமலைக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 60,000 முதல் 80,000 பேர் வருகிறார்கள். கோயில் நாளொன்றுக்கு 20 மணி நேரம் தரிசனத்துக்குத் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 72,000 நொடிகள். ஆளுக்கு ஒரு நொடி. மூன்று நான்கு பேர் ஒன்றாக நகர்ந்தாலும் ஒருவருக்குச் சில நொடிகளுக்கு மேல் தேறாது. பங்காரு வாகிலி தாண்டி, தலையை உயர்த்தி, விளக்கொளியில் கண் பழகும் முன்பே "ஜரகண்டி" என்று ஒரு கை தோளைத் தள்ளுகிறது. குலசேகரப் படிவரை சென்று வணங்கிய காலம் போய், பெரும்பாலோர் தொலைவில் நின்று பார்த்து நகரும் காலம் வந்தது இந்தக் கணக்கினால்தான். அந்தப் படியாகவாவது கிடக்க வேண்டும் என்று வேண்டிய ஆழ்வாரின் பெயரைத்தான் படிக்கு வைத்திருக்கிறோம். இன்று வரிசையில் வரும் பெரும்பாலோர் அதன் அருகில்கூடப் போக முடியாது.

இந்தக் கணக்கைத் தொழில்நுட்பம் மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பெரிதாக இருக்கிறது. 2023 மார்ச்சில் முகம் அடையாளம் காணும் கருவிகள் சோதனையாகக் கொண்டுவரப்பட்டன. 2024 நவம்பரில் பி.ஆர். நாயுடு தலைமையில் புதிய அறங்காவலர் குழு தன் முதல் கூட்டத்திலேயே, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் தரிசனம் கிடைக்கச் செய்வோம் என்று தீர்மானம் போட்டது. 2025 செப்டம்பரில் வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தில் கேமராக்களை ஒருங்கிணைக்கும் கட்டுப்பாட்டு மையத்தை முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார். முன்பு தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த எல்.வி. சுப்பிரமணியம், இத்தனை பேருக்கு அவ்வளவு சீக்கிரம் தரிசனம் தருவது நடக்காத காரியம் என்று வெளிப்படையாகச் சொன்னார். குழு அதை மறுத்தது. என் பார்வையில் இரு தரப்பும் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசின. எந்த அறையில் கூட்டம் சேர்கிறது, எந்தக் கதவை எப்போது திறக்கலாம் என்பதைக் கேமரா சொல்லும். அது நல்லது, உயிர் காக்கும். ஆனால் நொடிகளை அதனால் உண்டாக்க முடியாது. 72,000 நொடிகள் அப்படியேதான் இருக்கின்றன. யாருக்கு முதலில், யாருக்கு அருகில் என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் தானாக விடை சொல்லாது. நாம் ஊட்டிய விடையை வேகமாக நிறைவேற்றும், அவ்வளவுதான்.

நாம் ஊட்டியிருக்கும் விடைகளில் நியாயம்போலத் தோன்றி ஏமாற்றுவது, முந்தி வருபவருக்கு முன்னுரிமை என்ற முறை. 300 ரூபாய் சிறப்பு நுழைவு டிக்கெட்டுகள் மாதத்தில் ஒரு நாள் காலை 10 மணிக்கு, பல வாரங்களுக்குப் பிறகு வரும் மாதத்துக்காக இணையத்தில் விடப்படுகின்றன. நகரியிலோ புத்தூரிலோ ஒரு நெட் சென்டரில் ஒன்பதரைக்கே நாற்காலி பிடித்து உட்கார்ந்தவர், ஆதார் எண்களை வரிசையாக எழுதிய தாளை மடியில் வைத்திருக்கிறார். பத்து அடித்ததும் திரையில் வட்டம் சுற்றுகிறது. பக்கம் திறக்கும்போது முன்னால் எத்தனையோ பேர் நிற்பதாக ஓர் எண் தெரிகிறது. உள்ளே போய்த் தேதியைத் தொட்டு, நான்கு பேரின் பெயரும் வயதும் அடித்து, பணம் கட்டும் பக்கம் வந்தபின் ஓ.டி.பி. வரத் தாமதமாகிறது, வந்ததை அடித்தால் நேரம் முடிந்தது என்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எல்லாத் தேதியும் சிவப்பு. இங்கே யார் முந்தினார்? பக்தியில் முந்தியவரா, தேவையில் முந்தியவரா? கம்பிவழி இணைப்பு உள்ளவர், விவரங்களை நொடியில் நிரப்பும் நிரல் வைத்திருக்கும் தரகர், நான்கு கருவிகளில் ஒரே நேரத்தில் உட்காரும் குடும்பம் ஆகியோர்தாம் முந்துகிறார்கள். பழைய நாளில் வரிசையில் முதலில் நின்றவர் குறைந்தபட்சம் நின்றிருந்தார். இரவு முழுக்கக் கால் வலிக்க நின்றது கண்ணால் பார்க்கக்கூடியது. இணைய வேகத்தில் முந்துவதை அதே பெயரால் அழைத்து அதே மரியாதையைக் கொடுப்பது தவறு. போலி இணையதளங்களைப் பற்றித் தேவஸ்தானம் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருப்பதற்கும் இந்த அவசரமே காரணம். நிதானமாகப் பதியலாம் என்றால் முகவரியைச் சரிபார்க்க ஒருவருக்கு நேரம் இருக்கும்.

சிபாரிசுக் கடிதம் இதைவிடப் பழையது, இன்னும் வெளிப்படையானது. ஆந்திர மக்கள் பிரதிநிதிகளின் கடிதங்களுக்கு, முக்கியப் பிரமுகர்களுக்கான பிரேக் தரிசனமும் 300 ரூபாய் டிக்கெட்டும் கிடைக்கின்றன, தங்கள் கடிதங்களுக்கு இல்லை என்று தெலங்கானா அரசியல்வாதிகள் குறைபட்டார்கள். 2024 டிசம்பர் கடைசியில் சந்திரபாபு நாயுடு தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டிக்கு ஏற்பதாக எழுதினார். 2025 மார்ச் 24 முதல் அந்தக் கடிதங்களும் குறிப்பிட்ட கிழமைகளில் ஏற்கப்பட்டன. இரண்டு மாநிலங்களின் முதலமைச்சர்கள் பேசித் தீர்க்கும் அளவுக்கு ஒரு கடிதம் பெரிதாகிவிட்டது என்பது கவனிக்க வேண்டியது. தொகுதி மக்களுக்குச் செய்யும் சேவைதானே என்று கேட்பார்கள். தொகுதி மக்களில் பிரதிநிதியின் வீட்டு வாசல்வரை போகத் தெரிந்தவர்களுக்குச் செய்யும் சேவை அது. புரட்டாசியில் மஞ்சள் துணி உடுத்தி ஆற்காட்டிலிருந்தோ ஆரணியிலிருந்தோ நடந்து வருபவருக்கு எந்த எம்.எல்.ஏ.வையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய பங்கிலிருந்துதான் கடிதக்காரருக்கான நொடிகள் எடுக்கப்படுகின்றன. மலை எந்த மாநிலத்துக்கு என்று ஒரு காலத்தில் பெரும் போராட்டமே நடந்தது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வதை எடுத்துக்காட்டி ம.பொ.சி. போராடினார், 1960இல் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் ஆந்திரத்தோடு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதைவிட, வாசலில் நிற்பவர் யாரை விடுகிறார் என்பதே பக்தருக்கு முக்கியம். அந்த வாசலில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள் நின்றிருக்கிறார்கள், 1801 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி நின்றிருக்கிறது, 1843 முதல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் நின்றிருக்கிறார்கள், 1933இலிருந்து தேவஸ்தானம் நிற்கிறது. எந்த நாளிலும் பெருமாள் நேரடியாகக் கதவைத் திறந்து ஆளைத் தேர்ந்தெடுத்ததில்லை. கதவு எப்போதும் மனிதர் கையில்தான் இருந்திருக்கிறது.

பணம் கொடுத்து அருகில் போவதற்குச் சொல்லப்படும் நியாயம் கடிதத்துக்கு உள்ளதைவிட வலுவானது, அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுத்து 500 ரூபாய் டிக்கெட் எடுப்பவருக்குப் பிரேக் தரிசனம் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் தலித், பழங்குடிக் குடியிருப்புகளிலும் பின்தங்கிய ஊர்களிலும் கோயில்கள் எழுகின்றன, பழைய கோயில்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பணக்காரரின் ஆசையை ஏழை ஊரின் கோயிலாக மாற்றுவதில் என்ன தவறு, தரகருக்குப் போகும் பணம் இப்படியாவது நல்வழியில் போகட்டுமே என்பது வாதம். கோயில்கள் எழுவது நல்லதுதான். ஆனால் நன்கொடைக்குக் கைம்மாறு குறிப்பிட்டுவிட்டால் அது விலையாகிவிடுகிறது; விலை என்றானதும், அருகில் நிற்பது வாங்கக்கூடிய பொருள் என்று கோயிலே சொல்லிக்கொடுத்ததாகிறது. இதை எதிர்க்க வெளியிலிருந்து ஒரு தத்துவம் தேவையில்லை, அந்த மலையின் கதையே போதும். தொண்டைமான் சக்கரவர்த்தி பொன்மலர்களால் அர்ச்சித்தான், மறுநாள் வந்து பார்த்தால் அவற்றின்மேல் களிமண் பூக்கள் கிடந்தன. அவை தன் குடிசையில் சக்கரத்தைச் சுற்றியபடியே கைமண்ணால் பூ செய்து மரப்படிமத்துக்குச் சாத்திய ஒரு குயவர் போட்டவை என்று தெரிந்து மன்னன் அவர் வாசலுக்குப் போனான். திருமலையில் இன்றும் தயிர்சாதம் மண் ஓட்டில் வைத்துப் படைக்கப்படுவதற்கு இந்தக் குயவரை நினைவுகூர்கிறார்கள். வகை வகையான பிரசாதங்களுக்கு நடுவே மண் ஓட்டுக்கு அந்த இடத்தைக் கொடுத்த மரபு, 10,500 ரூபாய்க்கு நெருக்கத்தைக் கொடுப்பதைத் தன்னோடு முரண்படாமல் விளக்க முடியாது.

இனி குலுக்கலுக்கு வருவோம். இது நமக்குக் கணினியோடு வந்த புதுப்பழக்கம் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அடி அடியாக விவரிக்கின்றன. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். மூத்த நம்பிமாருள் (கோயில் பூசகருள்) ஒருவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாசித்ததை அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். விரித்த விரல்களைக் கல்லில் எழுதி வைத்தவர்கள் மனிதரை நன்றாக அறிந்தவர்கள். மூடிய கைக்குள் வேறோர் ஓலை இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிறுவனை நிறுத்தியதும் அதற்காகவே: தேர்ந்தெடுக்கும் கைக்கு யாரையும் தெரியக் கூடாது, யாரிடமும் கடன்பட்டிருக்கக் கூடாது. உலகில் வேறு இடங்களிலும் புனித இடத்தைப் பங்கிட இதே வழிக்கு வந்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் தூபம் காட்டும் முறை குருக்களுக்குள் சீட்டு விழுந்தபடி கிடைத்தது என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. இந்தியாவிலிருந்து ஹஜ் குழு வழியாகச் செல்வோர் இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் குலுக்கலில்தான் தேர்வாகிறார்கள்; கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு வெளியுறவு அமைச்சகமும் கணினிக் குலுக்கல் நடத்துகிறது.

இதில் பக்திக்குப் பொருந்துவது எது என்றால், குலுக்கல் யாரையும் தகுதியானவர் என்று சொல்வதில்லை என்பதுதான். வைணவர்களுக்குள் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் பெரிய விவாதம் இங்கே நேராக உதவுகிறது. பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், இறைவன் அருளுக்குக் காரணம் தேட வேண்டாம், அது காரணமின்றியே வருவது என்பார்கள். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வது அவர்கள் காட்டும் உதாரணம். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், உயிர் தன் பக்கத்தில் ஒரு சிறு பற்றுதலையாவது காட்ட வேண்டும் என்பார்கள். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்வது அவர்களுக்கு உதாரணம். இந்த இரண்டு பக்கத்திலும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது: அந்தப் பற்றுதல் அருளுக்கு ஈடாகாது, அதை அளந்து சான்றிதழ் கொடுக்க இன்னொரு மனிதருக்கு அதிகாரமும் இல்லை. பதினெட்டு முறை நடக்கவைத்துச் சொல்லிக்கொடுக்கப்பட்ட மந்திரத்தை ராமானுசர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் என்பது நாம் போற்றும் கதை. யார் தகுதியுடையவர் என்று வடிகட்டும் வேலையை அவர் தன் கையில் வைத்துக்கொள்ள மறுத்தார். கடிதமும் பணமும் இணைய வேகமும் ஒவ்வொன்றும் ஒரு தகுதியைச் சொல்லி முன்னால் நிற்கின்றன. குலுக்கலில் பெயர் விழுந்தவரால் தனக்கு உரிமை இருந்தது என்று சொல்லவே முடியாது. கிடைத்ததற்குக் காரணம் எதுவும் தன்னிடம் இல்லை என்று தெரிந்தே அவர் அதிகாலையில் சுப்ரபாதத்துக்குப் போய் நிற்கிறார். நிர்ஹேதுக கிருபை என்று உரையாசிரியர்கள் சொன்னதற்கு இவ்வளவு அருகில் வரும் அலுவலக நடைமுறை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு கூர்மையான மறுப்பு உண்டு. கணினி உண்மையில் குலுக்குவதே இல்லை, அது கணக்குப் போடுகிறது. வழக்கமான நிரல்களில் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து அடுத்தடுத்த எண்கள் மாறாத விதிப்படி பிறக்கின்றன. அதே தொடக்க எண்ணை மறுபடி கொடுத்தால் அதே பெயர்கள் அதே வரிசையில் வரும். முன்கூட்டியே முடிவான ஒன்றை எப்படி அழைப்பு என்பது? தத்துவமாக இது எனக்குச் சிக்கலாகத் தெரியவில்லை. குடத்துக்குள் ஓலை உருளுவதும் ஒரு விதிப்படிதான் உருளுகிறது. எல்லாவற்றையும் தன் சித்தத்தில் வைத்திருப்பவனுக்குக் கணக்கும் ஒன்று, தற்செயலும் ஒன்று. குலுக்கலுக்கு வேண்டியது, முடிவு எந்த மனிதருக்கும் முன்கூட்டித் தெரியாமல் இருப்பதும் எந்த மனிதரும் அதைத் திருப்ப முடியாமல் இருப்பதும்தான். நடைமுறையாகப் பார்த்தால் மறுப்பு மிகச் சரியானது. தொடக்க எண்ணைத் தேர்ந்தெடுப்பவர், வேண்டிய பெயர் வரும்வரை பல எண்களைப் போட்டுப் பார்க்கலாம். அவர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று பக்தர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்கிறேன். உத்திரமேரூரில் குடத்தை உயர்த்திக் காட்டினார்கள். இங்கே குடம் சர்வர் அறைக்குள் இருக்கிறது. வழி எளியது. பதிவு முடிந்ததும் பதிவு எண்களின் பட்டியலைப் பெயர் விவரமின்றி வெளியிட்டு, எந்த நிரல் ஓடப்போகிறது என்பதையும் வெளியிட்டுவிட வேண்டும். அதன்பிறகு, கீழ்த் திருப்பதியில் கோவிந்தராஜர் கோயில் முன்னால் எல்லோரும் பார்க்க, சிறுவர் சிறுமியர் ஒரு குடத்திலிருந்து பத்து இலக்கங்களை எடுக்கட்டும். அந்தப் பத்து இலக்கமே தொடக்க எண். சேலத்தில் கணினி படிக்கும் ஒரு மாணவி அதே பட்டியலையும் அதே நிரலையும் அதே எண்ணையும் தன் மடிக்கணினியில் ஓட்டி, அதே பெயர்கள் வருகின்றனவா என்று அன்று மாலையே சரிபார்த்துவிடலாம். விரித்த ஐந்து விரலுக்கு இன்றைய வடிவம் இதுதான்.

உழைப்பை மதிக்காத முறை இது என்பது இன்னொரு மறுப்பு. அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகளை ஏறி, சில படிகளை முழங்காலால் கடந்து, முடி இறக்கி, மணிக்கணக்கில் அறையில் உட்கார்ந்து வந்தவருக்கும், கட்டிலில் படுத்தபடி பெயர் பதிந்தவருக்கும் ஒரே வாய்ப்பா? இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். காத்திருப்பு வழிபாட்டின் பகுதி. அந்த அறைகளில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து கோவிந்தா சொல்லி, பாலையும் உப்புமாவையும் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது உண்டாகும் சமத்துவத்தை எந்த ஸ்லாட்டும் தராது. சர்வதரிசனத்துக்கான திறந்த வரிசை எந்நாளும் இருக்க வேண்டும், அதுவே பெரும்பங்கு நொடிகளைப் பெற வேண்டும். ஆனால் காத்திருப்பும் எல்லோருக்கும் ஒரே விலை அல்ல. 12 மணி நேரம் நிற்பதென்றால் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவருக்கு அது நேரம் மட்டும். தினக்கூலிக்காரருக்கு அது கூலியும்கூட. கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அது உடம்பு. ஆகவே திறந்த வரிசை இருக்கட்டும், மிக அருகில் நிற்கும் சில நூறு இடங்களை மட்டும் எந்த உழைப்பாலும் வாங்க முடியாதபடி குலுக்கலுக்கு விடுவோம் என்கிறேன். கைபேசி இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. குலுக்கலுக்கு அவசரம் கிடையாது. பல நாள் பதிவு திறந்திருக்கலாம், தாளில் எழுதிக் கொடுப்பவர் பெயரை ஊர்க் கோயிலிலோ அஞ்சலகத்திலோ ஒருவர் ஏற்றிவிடலாம். ஆளுக்கு ஒரு பதிவு என்று ஆதாரைக் கொண்டு உறுதிசெய்தால், நான்கு கருவி வைத்திருப்பவருக்கும் எழுதத் தெரியாத பாட்டிக்கும் ஒரே ஓலைதான். வேகப்போட்டியில் இந்தச் சலுகை எதையும் கொடுக்க முடியாது.

அவன் கூப்பிட்டான் என்ற பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதை 2025 ஜனவரி 8 இரவு காட்டியது. வைகுண்ட ஏகாதசியையொட்டிய வைகுண்ட துவார தரிசன டோக்கன்கள் மறுநாள் அதிகாலை 5 மணி முதல் திருப்பதி நகரில் கொடுக்கப்படும் என்று அறிவிப்பு. மாலையிலிருந்தே மக்கள் திரண்டார்கள். பைராகிப்பட்டெடையில் பூங்காவில் காக்கவைக்கப்பட்டிருந்த கூட்டத்தில் உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே கொண்டுவரக் கதவு திறக்கப்பட்டது. டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று கூட்டம் முண்டியடித்தது என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த இரவில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் சேலத்திலிருந்து வந்தவரும் உண்டு. ஏகாதசியையொட்டிப் போய்ச் சேர்வது புண்ணியம், பெருமாள் தன்னிடமே அழைத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வீட்டார் தமக்குத் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டால் அவர்கள் துக்கத்துக்கு அந்த உரிமை உண்டு. மற்ற யாருக்கும் கிடையாது. டோக்கனை முந்தி வருபவருக்கு என்று வைத்தது ஒரு முடிவு. அதை நள்ளிரவுக் கூட்டம் சேரும்படி அறிவித்தது ஒரு முடிவு. பூங்காவில் அடைத்ததும் ஒரு முடிவு. இவற்றை எடுத்தவர்கள் மனிதர்கள். துணை முதலமைச்சர் பவன் கல்யாண் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்; இறைவன் செயல் என்றால் மன்னிப்புக்கு இடமேது? அடுத்த முறை, 2025 டிசம்பர் 30இல் தொடங்கிய வைகுண்ட துவார தரிசனத்தின் முதல் மூன்று நாட்களுக்கான டோக்கன்கள் நேரில் கொடுக்கப்படாமல் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தே பதிந்தார்கள். பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை, ஆனால் கிடைக்காதவர் எவரும் அதற்காக ஒரு கதவின் முன்னால் இரவில் நெரிபடவில்லை. குலுக்கலுக்கு ஆதரவாக எத்தனை வேதாந்தம் சொன்னாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு முன்னால் அது இரண்டாவதுதான்.

அப்படியிருக்க, குலுக்கல் எதன்மேல் நடக்கிறது என்பதே கடைசிக் கேள்வி. கடிதங்களுக்கும் நன்கொடைகளுக்கும் அதிகார வரிசைக்கும் எடுத்துவைத்ததுபோக மீதியைத்தான் குலுக்குகிறோம் என்றால், குடம் எவ்வளவு நேர்மையாகக் குலுங்கினாலும் அது மீதியின் நேர்மை. நாள்தோறும் மொத்தம் எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள் என்பதையும் உண்டியல் வருமானத்தையும் தேவஸ்தானம் தவறாமல் வெளியிடுகிறது; நாளிதழ்கள் அச்சிடுகின்றன. அதே பத்தியில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும்: இன்று பிரேக் தரிசனத்தில் போனவர்கள் எத்தனை பேர், அதில் கடிதம் கொண்டுவந்தவர் எத்தனை, எந்தெந்தப் பதவியின் கடிதம், ஸ்ரீவாணியில் எத்தனை, நடை திறந்திருந்த நேரத்தில் இவர்களுக்குப் போன நிமிடங்கள் எத்தனை, குலுக்கலில் வந்தவர் எத்தனை. இந்த எண்களைத் தருவதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் கருவியிலும் கட்டுப்பாட்டு மையத்தின் திரையிலும் அவை ஏற்கெனவே இருக்க வேண்டும்.